ரொப்-அப் தருகிறார்கள் என்றால் கடிதத்தில் எதைப் பார்க்க வேண்டும்?

தங்கச்சி, உங்கள் கேள்வியை முதலில் சுருக்கி எழுதிவிடுகிறேன், இதே நிலையில் இருக்கும் மற்றவர்களுக்கும் விளங்கட்டும். கனடாவில், ஒன்ராறியோ மாகாணத்து மார்க்கம் நகரில் ஒரு அலுவலகத்தில் வேலை செய்கிறீர்கள். ஆண்டுச் சம்பளம் 78,000 டொலர். முதல் பிள்ளை இந்தக் கோடையில் பிறக்கப்போகிறது. மகப்பேற்று லீவின் முதல் 17 வாரங்களுக்குச் சம்பளத்தின் 93 சதவீதம் வரும்படி ரொப்-அப், அதாவது அரசு தரும் கொடுப்பனவுக்கு மேலே முதலாளி போடும் காசு, தருகிறோம் என்று எச்.ஆர். என்கிற ஆளணிப் பிரிவு கடிதம் கொடுத்திருக்கிறது. திரும்பி வந்து ஆறு மாதம் வேலை செய்யாவிட்டால் அந்தப் பணத்தைத் திருப்பிக் கட்ட வேண்டும் என்று கடைசிப் பத்தியில் எழுதியிருக்கிறது. "சும்மா தாற காசு, வாங்கு பிள்ளை" என்கிறார் மாமி. கணவருக்கு அந்தக் கடைசிப் பத்தியைப் பார்த்துப் பயம். வாங்கலாமா, எங்கே சிக்கல் வரும் என்று கேட்டிருக்கிறீர்கள்.

வாங்குங்கள். ஆனால் மாமி சொல்வதுபோல் சும்மா வரும் காசு என்று நினைத்து வாங்காதீர்கள். நீங்கள் கையெழுத்துப் போடப்போவது ஒரு ஒப்பந்தம். எந்த ஒப்பந்தத்திலும் போல இதிலும் கையெழுத்துக்கு முன் கேட்கும் கேள்விக்குத்தான் மதிப்பு. பிறகு கேட்டால் அனுதாபம்தான் கிடைக்கும்.

நான் பத்தொன்பது வருடமாகப் பேரோலில், அதாவது சம்பளக் கணக்கு வேலையில், இருக்கிறேன். இந்த விஷயத்தில் எனக்கு அக்கறை வந்தது அதனால் மட்டும் இல்லை. என் மூத்தவன் 2003-இல் பிறந்தான். ஸ்காபரோவில் ஒரு சின்னக் கம்பனியின் கணக்குப் பிரிவில் இருந்தேன். அப்போது ஈ.ஐ. என்கிற அரசு வேலைக் காப்புறுதியின் உச்சத்தொகையே வாரத்துக்கு 413 டொலர்தான், அதுவும் முதல் இரண்டு வாரம் ஒன்றும் வராது. வீட்டு வாடகைக்கே காணாமல், பிள்ளைக்கு ஐந்து மாதம் ஆகும்போது வேலைக்குத் திரும்பிவிட்டேன். மத்தியானம் பால் கட்டிக்கொண்டு நெஞ்சு கல்லாகிவிடும். வாஷ்ரூமில் கதவைச் சாத்திக்கொண்டு பேசினுக்கு மேலே குனிந்து பீச்சி ஊற்றிவிட்டு, முகம் கழுவிக்கொண்டு மேசைக்கு வருவேன். அடுத்த வருடம் பக்கத்து மேசைக்காரி தன் லீவுக்காக ஊழியர் கைநூலைப் புரட்டியபோதுதான் தெரிந்தது, அந்தக் கம்பனியில் ஆறு வாரத்துக்கு ரொப்-அப் இருந்திருக்கிறது. லீவு தொடங்க 30 நாட்களுக்கு முன் எழுத்தில் விண்ணப்பிக்க வேண்டும் என்று ஒரு வரி. ஒருவரும் எனக்குச் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. போய்க் கேட்டேன். காலம் கடந்துவிட்டது என்றார்கள். அந்த ஆறு வாரக் காசு இருந்திருந்தால் இன்னும் இரண்டு மாதமாவது அவனோடு வீட்டில் இருந்திருப்பேன். இன்றைக்கும் அதை நினைத்தால் மனம் வலிக்கும்.

சரி, உங்கள் விஷயத்துக்கு வருகிறேன்.

இங்கே மூன்று விஷயங்கள் ஒன்றோடொன்று குழம்பிக் கிடக்கின்றன. லீவு என்கிற நேரம் ஒன்ராறியோவின் வேலைவாய்ப்புத் தராதரச் சட்டத்திலிருந்து வருகிறது: தாய்க்கு 17 வாரம் கர்ப்பகால லீவு, அதற்குப் பிறகு 61 வாரம் வரை பெற்றோர் லீவு. இந்தச் சட்டம் உங்கள் வேலையைக் காப்பாற்றும், ஒரு சதம்கூடத் தராது. காசு வருவது ஈ.ஐ. என்கிற மத்திய அரசின் வேலைக் காப்புறுதியிலிருந்து: தாய்க்கு 15 வாரம், அதற்குப் பிறகு பெற்றோர் என்ற முறையில் 35 வாரம், அல்லது குறைந்த தொகையில் நீட்டி 61 வாரம். மூன்றாவதுதான் ரொப்-அப். ஈ.ஐ. தருவதற்கும் உங்கள் சம்பளத்துக்கும் இடையில் இருக்கும் பள்ளத்தை முதலாளி தன் காசால் நிரப்புவது. எந்தச் சட்டமும் முதலாளியைத் தரச் சொல்லிக் கட்டாயப்படுத்தவில்லை. யூனியன் ஒப்பந்தத்தில் இருந்தால் அது உரிமை. இல்லாவிட்டால், கம்பனி எழுத்தில் தந்த கடிதம்தான் உங்களுக்கு உள்ள பிடி.

அந்தப் பள்ளம் எவ்வளவு ஆழம் என்று கணக்குப் போட்டுப் பார்ப்போம். 78,000 டொலரை 52-ஆல் வகுத்தால் வாரத்துக்கு 1,500. ஈ.ஐ. 55 சதவீதம் தரும் என்று எல்லோரும் சொல்வார்கள், அப்படியானால் 825 வர வேண்டும். வராது. ஏனென்றால் அந்த 55 சதவீதம் ஓர் உச்ச வருமானம் வரைக்கும்தான் கணக்கிடப்படும். 2026-இல் தொடங்கும் கோரிக்கைகளுக்கு அந்த உச்சம் 68,900 டொலர். அதனால் வாரத்துக்கு அதிகபட்சம் 729. உங்கள் சம்பளத்தில் பாதிகூட இல்லை. அதிலும் முதல் வாரம் காத்திருப்பு வாரம், ஈ.ஐ. ஒன்றும் தராது.

93 சதவீதம் என்பது வாரத்துக்கு 1,395 டொலர். அதில் ஈ.ஐ. 729 போக முதலாளி போடுவது 666. காத்திருப்பு வாரத்துக்கு முழு 1,395-ஐயும் முதலாளியே போட்டால், 17 வாரத்துக்கு மொத்தம் 12,051 டொலர், வரிக்கு முன். உங்கள் கையில் இருக்கும் கடிதத்தின் பெறுமதி இதுதான். அந்தக் காத்திருப்பு வாரத்தை அவர்கள் ஏற்கிறார்களா என்று பாருங்கள். "ஈ.ஐ. கிடைக்கும் வாரங்களுக்கு மட்டும்" என்று எழுதியிருந்தால் 1,395 டொலர் அப்படியே போய்விடும்.

17 வாரம் என்பதில் இன்னொரு சின்னப் பொறி இருக்கிறது. காத்திருப்பு ஒன்று, தாய்க்கான ஈ.ஐ. 15, ஆக 16 வாரம். பதினேழாவது வாரம் நீங்கள் பெற்றோர் கொடுப்பனவுக்குள் போய்விடுவீர்கள். அங்கே 35 வாரத் திட்டத்தைத் தெரிவு செய்தால் அதே 729 வரும். நீட்டிய 61 வாரத் திட்டத்தைத் தெரிவு செய்தால் 33 சதவீதம்தான், உச்சம் 437. அப்போது அந்த வாரத்துக்கு முதலாளி 93 சதவீதம் வரும்வரை நிரப்புவாரா, அல்லது 729 வந்ததாக வைத்துக்கொண்டு அதே 666-ஐ மட்டும் தருவாரா? ஒரு வாரம்தானே என்று நினைக்கலாம். ஆனால் பெற்றோர் லீவுக்கும் நீண்ட ரொப்-அப் தரும் இடங்களில் இந்த ஒரு கேள்வியில் ஆயிரக்கணக்கில் வித்தியாசம் வரும்.

நீட்டிய திட்டத்தைப் பற்றி இங்கேயே ஒன்று சொல்லிவிடுகிறேன், நம்மவர்கள் நிறையப் பேர் பிழையாக விளங்கி வைத்திருக்கிறார்கள். கூட வாரம் என்றால் கூடக் காசு என்று இல்லை. 35 வாரம் 729 என்றால் 25,515 டொலர். 61 வாரம் 437 என்றால் 26,657. கிட்டத்தட்ட அதே பானைச் சோற்றை இன்னும் 26 வாரத்துக்குப் பங்கிடுகிறார்கள், அவ்வளவுதான். பெற்றோர் கொடுப்பனவின் முதல் காசு வந்த பிறகு தெரிவை மாற்றவும் முடியாது. பிள்ளை பிறந்த களைப்பில் ஒரு கட்டத்தை மாற்றிக் கிளிக் செய்துவிட்டு அழுதவர்களைப் பார்த்திருக்கிறேன். விண்ணப்பத்தை நிரப்பும்போது கணவரைப் பக்கத்தில் இருத்திக்கொள்ளுங்கள். அவரும் பெற்றோர் லீவு எடுத்தால் 35-க்கு மேலே இன்னும் ஐந்து வாரம் ஈ.ஐ. கிடைக்கும். அவருடைய வேலையிடத்திலும் தகப்பன்மாருக்கு ரொப்-அப் இருக்கக்கூடும். அவரைக் கேட்கச் சொல்லுங்கள், ஆம்பிளைகள் இதைக் கேட்க வெட்கப்படுகிறார்கள்.

இனி உங்கள் கணவர் பயப்படும் அந்தக் கடைசிப் பத்தி. அவர் பயப்படுவதில் நியாயம் இருக்கிறது, ஆனால் பத்தி இருப்பதே தவறு என்று இல்லை. மத்திய அரசு ஊழியர்களுக்குக்கூட 93 சதவீத ரொப்-அப்புக்கு இதே நிபந்தனை உண்டு: எவ்வளவு காலத்துக்குக் காசு வாங்கினார்களோ அவ்வளவு காலம் திரும்பி வந்து வேலை செய்ய வேண்டும். உங்களுக்கு 17 வாரக் காசுக்கு ஆறு மாதம், அதாவது 26 வாரம், கேட்கிறார்கள். கொஞ்சம் கூடத்தான். ஆனாலும் தனியார் கம்பனிகளில் ஆறு மாதம் சாதாரணம், ஒரு வருடம் கேட்பவர்களும் இருக்கிறார்கள்.

நான் பார்க்கச் சொல்வது வேறு சில வரிகளை. நான்கு மாதம் வேலை செய்துவிட்டு விட்டால் முழுத்தொகையும் கட்ட வேண்டுமா, மிச்சமுள்ள இரண்டு மாதத்துக்கு விகிதப்படியா? நல்ல கடிதத்தில் விகிதப்படி என்று தெளிவாக இருக்கும். ஒன்றும் எழுதாவிட்டால் முழுத்தொகை என்றுதான் அவர்கள் வாசிப்பார்கள். கம்பனியே உங்களை வேலையிலிருந்து நிறுத்தினால் என்ன? நிறுத்தினால் திருப்பிக் கட்டத் தேவையில்லை என்று ஒரு வரி இருந்தே ஆக வேண்டும். இல்லாவிட்டால் சேர்க்கச் சொல்லுங்கள், இதைக் கேட்பதில் மரியாதைக் குறைவு ஒன்றும் இல்லை. வாரத்தில் மூன்று நாள் என்று திரும்பி வந்தால் அந்த ஆறு மாதம் எப்படி எண்ணப்படும்? வந்தவுடன் சேர்த்து வைத்த விடுமுறையை எடுத்தால் அந்த வாரங்கள் கணக்கில் வருமா? பிள்ளைக்குச் சுகமில்லாமல் நீங்கள் விட வேண்டி வந்தால்?

இன்னொன்று, கட்டும் தொகை வரிக்கு முன்னதா, கைக்கு வந்ததா? 12,051 டொலரில் கைக்கு வந்தது அதைவிடக் குறைவு. மொத்தத்தையும் கேட்டால் நீங்கள் காணாத காசைக் கையிலிருந்து கட்ட வேண்டி வரும். அப்படிக் கட்டினால், கட்டிய ஆண்டின் வரிக் கணக்கில் அதைக் கழித்துக்கொள்ளலாம். அதற்கு முதலாளியிடமிருந்து, இன்ன காலத்துக்கு வாங்கியதை இன்ன நாளில் திருப்பிக் கட்டினார் என்று ஒரு கடிதம் வாங்கி வைத்திருக்க வேண்டும். இதைத் தெரியாமல் இரண்டு பக்கமும் இழந்தவர்கள் உண்டு.

திரும்பிப் போவோமா மாட்டோமா என்று இன்னும் இரண்டு மனதாக இருக்கிறீர்கள் என்று உங்கள் எழுத்தில் தெரிகிறது. அது இயல்பு. முதல் பிள்ளை பிறக்குமுன் யாரும் அதை முடிவு செய்ய முடியாது. அப்படியென்றால் ரொப்-அப் காசை வாங்குங்கள், ஆனால் உங்களால் முடிந்த அளவை ஒரு தனிச் சேமிப்புக் கணக்கில் போட்டு வையுங்கள். ஆறு மாதம் முடியும் நாள் வரைக்கும் அது உங்கள் காசு ஆகவில்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்த நாளைக் கலண்டரில் குறித்துவிட்டால் கணவருடைய பயமும் பாதி குறைந்துவிடும்.

காசு எப்போது கைக்கு வரும் என்பதுதான் நடைமுறையில் பெரிய தலையிடி. ரொப்-அப் முதல் நாளிலிருந்து ஓடாது. ஈ.ஐ. உங்களுக்கு எவ்வளவு தருகிறது என்று பார்த்த பிறகுதான் முதலாளி மிச்சத்தைக் கணக்கிட முடியும். அதனால் ஈ.ஐ.யை நடத்தும் சர்விஸ் கனடா என்கிற அரசு அலுவலகத்தின் இணையக் கணக்கில் உங்கள் வாரத்தொகை காட்டும் பக்கத்தை அச்சடித்தோ படமெடுத்தோ பேரோலுக்குக் கொடுக்க வேண்டும். ஈ.ஐ. தொடங்குவதற்கு ஆர்.ஓ.ஈ. வேண்டும், அதாவது உங்கள் வேலை நேரத்தையும் சம்பளத்தையும் கம்பனி அரசுக்கு அனுப்பும் பதிவு. அதில் காரணக் குறி என்று ஒரு கட்டம் இருக்கிறது, மகப்பேற்றுக்கு எஃப். முன்பு நான் வேலை செய்த ஓர் இடத்தில் புதிதாக வந்த ஒரு பிள்ளை எஃப் போட வேண்டிய இடத்தில் 'மற்றவை' என்கிற கே-ஐப் போட்டு அனுப்பிவிட்டார். ஒரு அதிகாரி கூப்பிட்டு என்ன ஏது என்று விசாரித்துத் திருத்தம் போய்ச் சேரும்வரை அந்தத் தாய்க்கு ஐந்து வாரம் ஈ.ஐ.யும் இல்லை, அதனால் ரொப்-அப்பும் இல்லை. கைப்பிள்ளையைக் கார் சீற்றில் வைத்துத் தூக்கிக்கொண்டு எங்கள் அலுவலகத்துக்கே வந்து நின்றார். ஒரு எழுத்து, தங்கச்சி. கம்பனி ஆர்.ஓ.ஈ. அனுப்பியதும் உங்கள் சர்விஸ் கனடா கணக்கிலேயே அதைப் பார்க்கலாம். பார்த்து எஃப் இருக்கிறதா என்று உறுதி செய்துகொள்ளுங்கள். வேலையை நிறுத்தியவுடனே விண்ணப்பித்துவிடுங்கள், நான்கு வாரத்துக்கு மேல் தாமதித்தால் பணத்தை இழக்க நேரலாம். இரண்டு மாதச் செலவுக்குக் கையில் வைத்துக்கொள்ளுங்கள்.

பிள்ளை பிறக்குமுன் டொக்டர் படுத்திருக்கச் சொன்னால், அவசரப்பட்டு மகப்பேற்று ஈ.ஐ.யைத் தொடங்காதீர்கள். அது பிள்ளையோடு இருக்க வேண்டிய 15 வாரத்தைத் தின்றுவிடும். வேலையிடத்தில் குறுங்கால நோய்க் காப்புறுதி இருந்தால் அது, இல்லாவிட்டால் ஈ.ஐ.யின் நோய்க் கொடுப்பனவு. அது இப்போது 26 வாரம் வரை உண்டு. ரொப்-அப் எந்த நாளிலிருந்து ஓடும் என்று கடிதத்தில் எப்படி எழுதியிருக்கிறது என்பதும் இங்கே முக்கியம்: லீவின் முதல் நாளா, ஈ.ஐ.யின் முதல் வாரமா?

"உன் சிக் லீவை எடுத்து ரொப்-அப் ஆக வைத்துக்கொள்" என்று சில சின்னக் கம்பனிகளில் சொல்வார்கள். ஒத்துக்கொள்ள வேண்டாம். ஈ.ஐ. விதிப்படி ரொப்-அப் தொகை உங்கள் ஈ.ஐ.யைக் குறைக்காமல் இருக்க இரண்டு நிபந்தனை உண்டு. ஈ.ஐ.யும் ரொப்-அப்பும் சேர்த்து உங்கள் வழக்கமான வாரச் சம்பளத்தைத் தாண்டக் கூடாது. நீங்கள் சேர்த்து வைத்த நோய் லீவு, விடுமுறை போன்றவற்றை அது கரைக்கவும் கூடாது. கரைத்தால் அது ரொப்-அப் இல்லை, வெறும் சம்பளம். ஈ.ஐ. அதைக் கழித்துவிடும்.

நோய் லீவைப் பற்றிப் பேசும்போது, பேரோலில் இருப்பவர்களுக்கே சரியாகத் தெரியாத ஒன்றைச் சொல்ல வேண்டும். பிள்ளை பெற்ற உடம்பு தேற எடுக்கும் காலம் உடல்நலம் சார்ந்த காலம். டொக்டர்மார் வழக்கமாக ஆறு வாரம், சிசேரியன் என்றால் எட்டு வாரம் என்று எழுதுவார்கள். வேலையிடத்தில் மற்ற நோய்களுக்குச் சம்பளத்தோடு லீவு இருந்தால், பிள்ளை பெற்றவள் என்ற காரணத்துக்காக மட்டும் அதை மறுக்க முடியாது. இந்த உரிமை சும்மா வரவில்லை. மனிட்டோபாவில் பிராண்டன் நகரத்துச் சேஃப்வே கடையில் காசாளராக இருந்த மூன்று பெண்கள் 1982-இல் கர்ப்பமானார்கள். கம்பனியின் நோய்க் காப்புறுதித் திட்டம் பேற்றை ஒட்டிய 17 வாரத்துக்கு அவர்களை வெளியே தள்ளி வைத்திருந்தது. அந்தக் காலத்தில் வேறு எந்த நோய் வந்தாலும் காசு கிடையாது. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. கர்ப்பத்தைக் காரணம் காட்டி ஒதுக்குவது பெண் என்பதற்காக ஒதுக்குவதுதான் என்று 1989-இல் தீர்ப்பு வந்தது. அதற்குச் சுமார் பத்து வருடத்துக்கு முன் இதே நீதிமன்றம் ஸ்டெல்லா பிளிஸ் என்ற பெண்ணின் வழக்கில் அப்படி இல்லை என்று சொல்லியிருந்தது. அந்தத் தீர்ப்பையே தள்ளிவிட்டுத்தான் இதைச் சொன்னார்கள். ஆகவே உங்கள் அலுவலகத்தில் முதுகு ஒப்பரேஷன் செய்தவருக்கு ஆறு வாரம் முழுச் சம்பளம் என்றால், உங்கள் முதல் ஆறு வாரம் ஏன் 93 என்று அமைதியாகக் கேட்கலாம். கேட்டு 100 வாங்கியவர்களை எனக்குத் தெரியும்.

இந்த 17 வாரத்துக்கும் ஒரு கதை உண்டு. கனடாவில் மகப்பேற்றுக் கொடுப்பனவு 1971-இல் 15 வாரமாகத் தொடங்கியது. ரொப்-அப்பை முதலாளிமார் தாமாக முன்வந்து கண்டுபிடிக்கவில்லை. 1979-இல் கியூபெக் அரச ஊழியர் சங்கங்கள் சேர்ந்து 20 வாரச் சம்பள லீவை வென்றார்கள். 1981-இல் தபால் ஊழியர் சங்கம் நாடு முழுக்க 42 நாள் வேலைநிறுத்தம் செய்து 17 வாரச் சம்பளத்தோடு மகப்பேற்று லீவை வாங்கியது. அதற்குப் பிறகுதான் இது மற்ற இடங்களுக்கும் பரவியது. தபால் தரம் பிரிக்கும் பெண்களும், இனிப் பிள்ளை பெறும் வயதைத் தாண்டியவர்களும், ஆண்களும் அந்த 42 நாள் சம்பளமில்லாமல் வெளியே நின்றார்கள். உங்கள் கடிதத்தில் இருக்கும் எண்ணுக்குப் பின்னால் அவர்கள் இருக்கிறார்கள். அதனால் எச்.ஆர். முன்னால் கைகட்டி நிற்கத் தேவையில்லை.

எனக்குக் கோபம் வருவது வேறு இடத்தில். 2008-ஐப் பற்றி கனடா புள்ளிவிவரத் திணைக்களம் பார்த்தபோது, கொடுப்பனவு பெற்ற தாய்மாரில் ஐந்தில் ஒருவருக்குத்தான் முதலாளியின் ரொப்-அப் கிடைத்திருந்தது. ரொப்-அப் கிடைத்தவர்களில் 96 சதவீதம் பேர் அதே முதலாளியிடம் திரும்பினார்கள். ஈ.ஐ. மட்டும் கிடைத்தவர்களில் 77 சதவீதம். அதாவது இது முதலாளிக்கும் லாபம்தான், பழகிய ஆள் கையை விட்டுப் போவதில்லை. ஆனால் அது யாருக்குக் கிடைக்கிறது? அரச வேலை, யூனியன் உள்ள வேலை, பெரிய கம்பனி. ஏஜென்சி மூலம் களஞ்சியத்தில் பெட்டி அடுக்கும் பெண்ணுக்கு இல்லை. மணிக்கு 20 டொலருக்கு 40 மணித்தியாலம் செய்தால் வாரம் 800, ஈ.ஐ. 440. நீங்கள் 1,395-இல் பிள்ளை வளர்க்கும்போது அவர் 440-இல் வளர்க்க வேண்டும். வருமானம் குறைந்த குடும்பங்களுக்கு ஒரு மேலதிகம் உண்டு, 80 சதவீதம் வரை போகும். ஆனால் குடும்பத்தின் நிகர வருமானம் 25,921 டொலருக்குள் இருக்க வேண்டும். இரண்டு பேர் ஆகக் குறைந்த சம்பளத்துக்கு வேலை செய்தாலே அதைத் தாண்டிவிடும். கடைசி 52 வாரத்தில் 600 மணித்தியாலம் இல்லாதவருக்கு ஈ.ஐ.யே இல்லை. கியூபெக்கில் 2006-இலிருந்து தனித் திட்டம். அங்கே தாய்க்கு 18 வாரம் 70 சதவீதம், அல்லது 15 வாரம் 75. உச்ச வருமானமும் 2025-இல் 98,000 டொலர். பள்ளத்தின் ஒரு நல்ல பங்கை அரசே நிரப்பிவிட்டால் நல்ல முதலாளி வாய்க்கிறாரா என்பதில் ஒரு பிள்ளையின் முதல் வருடம் தொங்காது. ஒன்ராறியோவிலும் இதைக் கேட்க வேண்டும் என்பது என் எண்ணம்.

வரியையும் சொல்லிவிடுகிறேன். ஈ.ஐ.யும் வருமானம், ரொப்-அப்பும் வருமானம். ஈ.ஐ.யில் வரி கொஞ்சமாகத்தான் பிடிப்பார்கள். முதலாளியோ தான் தரும் 666-ஐ மட்டும் வைத்துக் கணக்கிட்டு அதிலும் கொஞ்சமாகப் பிடிப்பார். இரண்டு பேரும் மற்றவரைப் பார்ப்பதில்லை. அடுத்த ஏப்ரலில் இரண்டையும் கூட்டும்போது ஆயிரம் இரண்டாயிரம் கட்டச் சொல்லி வந்து நிற்கும். ரொப்-அப் வாரங்களில் கூடுதலாகப் பிடிக்கச் சொல்லி பேரோலிடம் டி.டி.1 படிவம் கொடுத்துவிட்டால் அந்த அதிர்ச்சி இல்லை.

அப்புறம், இரண்டாவது பிள்ளை. கிட்டக்கிட்டப் பெற வேண்டும் என்று நினைத்தால் இதை ஞாபகம் வைத்திருங்கள்: லீவில் இருக்கும் காலமும் ரொப்-அப் காசும் ஈ.ஐ.க்கு வேலை நேரமாக எண்ணப்படாது. திரும்பி வந்து புதிதாக 600 மணித்தியாலம் சேர்க்க வேண்டும். வாரம் 37.5 மணி என்றால் 16 வாரம். உங்கள் ஆறு மாத நிபந்தனை அதைத் தாண்டியே இருப்பதால், திரும்பிப் போனால் இரண்டும் ஒன்றாக முடிந்துவிடும்.

லீவில் இருக்கும்போது மருந்து, பல் வைத்தியக் காப்புறுதிக்கும் ஓய்வூதியத்துக்கும் கம்பனி தன் பங்கைத் தொடர்ந்து கட்ட வேண்டும். அது ஒன்ராறியோச் சட்டம், ரொப்-அப் இருந்தாலும் இல்லாவிட்டாலும். உங்கள் பங்கு ஏதும் இருந்தால் எப்படிக் கட்டுவது என்று மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள்.

திங்கட்கிழமை எச்.ஆருக்கு ஒரு மின்னஞ்சல் அனுப்புங்கள். நேரில் போய்ப் பேச வேண்டாம், நேரில் சொன்ன வார்த்தைக்கு ஆறு மாதத்துக்குப் பிறகு சாட்சி இல்லை. கடிதத்துக்கு நன்றி சொல்லிவிட்டு இவற்றைக் கேளுங்கள்: ரொப்-அப்புக்குத் தனி விண்ணப்பம் உண்டா, கடைசி நாள் எது? காத்திருப்பு வாரம் சேருமா? நீட்டிய திட்டத்தை எடுத்தால் பதினேழாவது வாரத்துக்கு எவ்வளவு? முதல் ஆறு வாரம் நோய் லீவுத் திட்டத்தின் கீழ் வருமா? ஆறு மாதம் எந்த நாளிலிருந்து, விகிதப்படியா, வரிக்கு முன்னா பின்னா, கம்பனி நிறுத்தினால் என்ன? பதில் வந்ததும் கடிதத்தோடு சேர்த்து, அலுவலகக் கணினியில் இல்லாமல் வீட்டு மின்னஞ்சலில் ஒரு பிரதி வைத்துவிட்டு, அதற்குப் பிறகு கையெழுத்துப் போடுங்கள். பதிலில் ஏதாவது வரி விளங்காவிட்டால் கம்பனிப் பெயரை எடுத்துவிட்டு அந்த வரியை மட்டும் எனக்கு எழுதுங்கள், பார்த்துச் சொல்கிறேன்.